அம்மா மரப்பாச்சியை மடியை விட்டு இறக்க மாட்டேன் என்கிறாள், அண்ணன் கோபிக்கிறான். என்ன செய்யலாம்?

காவேரிப்பாலம் (திங்கள், இரவு 10.40)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. அம்மாவுக்கு 78 வயது, மூன்று வருடத்துக்கு முன்னால் டிமென்ஷியா என்றார்கள், அல்சைமர் வகை. கும்பகோணத்தில் என்னோடு இருக்கிறாள். சில நாள் என் பெயர் ஞாபகம் இருக்கும், சில நாள் என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்பாள். தாத்தா போய் நாற்பது வருடம் ஆகிறது.

இந்த வருடம் கொலுவே வேண்டாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்காமல் ஐந்து படி மட்டும் கட்டினேன். எங்கள் வீட்டில் முதலில் மரப்பாச்சி ஜோடியைத்தான் வைப்போம். அம்மாவின் கல்யாணத்துக்குப் பாட்டி கொடுத்தது, செம்மரம், உயரம் ஒரு சாண்தான் இருக்கும். எடுத்துத் துடைக்கும்போது அம்மா கையை நீட்டினாள், கொடுத்தேன். பெண் பொம்மையை மட்டும் வாங்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். பால் கொடுத்த பிறகு ஏப்பம் வரத் தட்டுவோமே, அதே தட்டு.

ஒன்பது நாளும் அந்தப் பொம்மை படி ஏறவில்லை. ஆண் மரப்பாச்சி மட்டும் ஒற்றையாக நின்றது. வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், ஓரிருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்து மணி தாண்டினால் வாசல் கதவை இழுத்துக்கொண்டு "ஆத்துக்குப் போகணும்" (வீட்டுக்குத்தான்) என்று நடக்கும் ரகளை, அந்த ஒன்பது நாளில் இரண்டே நாள்தான் நடந்தது.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும் வழக்கம் தெரியும்தானே, அதை அம்மாவே செய்தாள், தன் தலைப்பால் போர்த்தியும் விட்டாள். மறுநாள் நான் எல்லாவற்றையும் துணி சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிட்டேன், புத்தி இல்லாமல் இதையும் சேர்த்து. அன்று ராத்திரி முழுக்கத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்மில், குளியலறை வாளியில். "கொழந்தைய யார் தூக்கிண்டு போனா?" விடிகாலை மூன்று மணிக்கு ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினேன்.

அண்ணன் சென்னையில் இருக்கிறான். வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு ஒரே கத்தல். "முப்பது வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ, அவளைப் போய்ப் பொம்மையோட உட்கார வெச்சிருக்கியே" என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. மரக்கட்டை என்பதால் ஒரு நாள் கன்னத்தில் இடித்துக்கொண்டு கன்றிப்போய்விட்டது. கடையில் விற்கிற ரப்பர் குழந்தை பொம்மை வாங்கிக் கொடுக்கலாமா? அவள் "குழந்தை" என்றால் நானும் ஆமாம் என்பது ஏமாற்று வேலை இல்லையா?

சைக்கிள்காரன் (திங்கள், இரவு 11.25)

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா, நான் உங்கள் அண்ணன் பக்கம். என் பெரியப்பாவை ஓர் இல்லத்தில் சேர்த்திருந்தோம், பெயர் வேண்டாம். ஒரு நாள் சொல்லாமல் போனேன். கூடத்தில் வரிசையாக நாற்காலி, ஆளுக்கு ஒரு பஞ்சுப் பொம்மை, டிவியில் ஏதோ சீரியல். வேலைக்கு இருந்த பெண் "பாப்பா சாப்டுச்சா?" என்று கேட்டது பொம்மையைப் பற்றி இல்லை, பெரியப்பாவைப் பற்றி. ரெவின்யூ ஆபிஸில் தாசில்தாராக இருந்த மனிதர். பொம்மை கொடுத்தால் நோயாளி சத்தம் போடாமல் இருப்பார், இவர்களுக்கு ஆள் மிச்சம். இதற்கு வைத்தியம் என்று ஒரு பெயர் வேறு.

வன்னிமழை (செவ்வாய், அதிகாலை 3.10)

இரவு வேலை முடிந்து இப்போதுதான் பார்த்தேன். நான் இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லமொன்றில் பதினான்கு வருசமாக வேலை செய்கிறேன், யாழ்ப்பாணத்து ஆள், ஊர்ப் பேச்சு கலந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

தம்பி சைக்கிள்காரன் சொன்னது போல இல்லங்கள் இங்கேயும் உண்டு, அது பொம்மையின் பிழை இல்லை. ஆளுக்கு ஒன்று என்று பங்கிட்டுக் குடுத்தது பிழை. எங்களிடம் இருபத்தாறு பேர் இருக்கினம், நாலு பேரிடம்தான் பொம்மை இருக்கு. மற்ற ஆக்கள் திரும்பியும் பார்க்க மாட்டினம், அவர்களுக்கு நாங்கள் குடுப்பதும் இல்லை.

அக்கா, உங்கட அம்மா தானாகக் கையை நீட்டி வாங்கினார், அதுதான் இதில் பெரிய விசயம். நாங்களும் கையில் திணிக்க மாட்டோம். கதிரையில் வைத்துவிட்டு விலகி நிற்போம். பார்க்கிறாவா, தொடுகிறாவா, தூக்குகிறாவா என்று கவனிப்போம். தூக்கினால் அவ என்ன சொல்கிறாவோ அதைத்தான் நாங்களும் சொல்லுவோம். அவ பிள்ளை என்றால் பிள்ளை, பொம்மை என்றால் பொம்மை, நாங்களாக ஒரு பேரும் வைப்பதில்லை. நீங்கள் பொய் சொல்லத் தேவையே இல்லை, "நல்லா நித்திரையோ?" என்று கேட்டால் போதும், அவ மிச்சத்தைச் சொல்லுவா.

வாங்குவதென்றால் அழுகிற, சிரிக்கிற பொம்மை வேண்டாம். சத்தத்தை நிப்பாட்டத் தெரியாமல் பதறிப்போவினம். கண் மூடியபடியே இருக்கிற பொம்மையும் வேண்டாம். ஒரு அம்மா விடிய எழும்பி "பிள்ளைக்கு மூச்சில்லை" என்று குழறிய குழறல் எனக்கு இப்பவும் காதில் நிக்குது. உடம்பு துணியாக, கொஞ்சம் பாரமாக இருந்தால் கைக்குப் பிடிக்கும். அதே போல இன்னொன்று வாங்கி ஒளித்து வையுங்கோ, ஒன்றைத் தோய்க்கப் போட வேண்டி வரும்.

பிள்ளையைப் பறிக்காதேங்கோ. "நான் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டா?" என்று கேட்டு வாங்குங்கோ, திருப்பிக் குடுங்கோ. சாப்பாட்டு நேரம் கவனம். "பிள்ளை முதல் சாப்பிடட்டும்" என்று தான் சாப்பிடாமல் இருந்து ஒருவ மெலிந்துபோனா, பிறகு சின்னக் கரண்டி ஒன்று மேலதிகமாக வைக்கத் தொடங்கினோம். நடக்க வோக்கர் பிடிக்கிற ஆளென்றால் ஒரு கையில் பிள்ளையோடு நடக்க விடவே கூடாது, விழுந்தால் இடுப்பெலும்புதான். நாங்கள் துணியால் தோளில் கட்டிவிடுவோம்.

2000களின் நடுப்பகுதியில் நியூகாஸில் பக்கத்து உளவியல்காரர் இல்லங்களில் இதைச் செய்து பார்த்து எழுதினவை. எங்களுக்குப் பயிற்சி தரும்போது அதைக் காட்டினார்கள். பொம்மை எடுத்த ஆக்கள் கூடக் கதைக்கினம், பதற்றம் குறையுது என்று பணியாளர்கள் சொன்னதாக இருந்தது. சின்ன ஆய்வு, பார்த்தவர்களின் மதிப்பீடு, அவ்வளவுதான். குணமாக்கும் மருந்து என்று யாரும் சொன்னால் நம்பாதேங்கோ.

நூலகத்தூசி (செவ்வாய், காலை 9.02)

சைக்கிள்காரனின் கோபத்துக்குப் படிப்பாளிகளிடமும் ஆதரவு உண்டு. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டிமென்ஷியா பராமரிப்பை ஆராய்ந்த டாம் கிட்வுட் 1997இல், டிமென்ஷியா வந்தவர்களை நல்ல மனசோடு இருப்பவர்களே எப்படியெல்லாம் சிறுமைப்படுத்துகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். குழந்தையைப் போல நடத்துவது அதில் ஒன்று, ஏமாற்றிக் காரியம் சாதிப்பது இன்னொன்று. பொம்மை கொடுப்பதை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இரண்டையும்தான். வேடிக்கை என்னவென்றால் நோயாளியின் உலகத்துக்குள் போய் நில்லுங்கள் என்று சொல்லுகிற, பொம்மைக்கு ஆதரவான கூட்டமும் அதே கிட்வுட்டைத்தான் துணைக்கு அழைக்கிறது.

"அப்பா வந்துட்டாரா" என்பதற்கும் பொம்மைக்கும் தொடர்பு இருக்கிறது. நெதர்லாந்து உளவியலாளர் பெரே மீசன் இதைக் கவனித்து எழுதினார். இறந்துபோன பெற்றோரை டிமென்ஷியா வந்தவர்கள் தேடுவது வெறும் ஞாபகப் பிசகு இல்லை, பயம் வந்தால் குழந்தை அம்மாவைத் தேடும் என்று மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னாரே, அதே தேடல்தான் என்பது அவர் வாதம். எந்த இடம், யார் வீடு என்று ஒன்றும் பிடிபடாத நேரத்தில் பற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும். சாயங்காலம் கதவை இழுத்த கை இப்போது பொம்மையைப் பிடித்திருக்கிறது.

பம்பரம் (செவ்வாய், காலை 11.48)

எல்லோரும் முதுமை என்றால் இரண்டாவது குழந்தைப் பருவம் என்று ஆரம்பித்துவிடுவீர்களோ என்று பயந்துகொண்டே வந்தேன். எனக்கு அது பிடிக்காது. நாங்கள் மூன்று அக்கா தங்கைகள், பொம்மையோடு வளர்ந்தவர்கள், பொம்மையை நாங்கள் என்ன பாடு படுத்தினோம் என்று எங்களுக்குத் தெரியும். ஊசி போடுவோம் (கருவேல முள்), முடியை வெட்டுவோம், வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அடி வெளுப்போம். தலையாட்டி பொம்மை திரும்பத் திரும்ப எழுந்து நிற்கிறதே, அதன் திமிரை அடக்குகிறேன் என்று என் தங்கை கிணற்றில் போட்டாள். அதே பொம்மை காலையில் மருமகள், மத்தியானம் திருடன், சாயங்காலம் பிணம். அதற்கு ஒப்பாரியும் வைப்போம், பக்கத்துத் தெரு பாட்டி செத்தபோது கேட்ட அதே ஒப்பாரி. அம்மா வந்து முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் பிணம் எழுந்திருக்கும்.

அக்காவின் அம்மா ஒரு தடவையாவது அந்த மரப்பாச்சியை அடித்தாரா? ஊசி போட்டாரா? மாட்டார். அவர் விளையாடவில்லையே. குழந்தைக்கு அது பொம்மை என்று நன்றாகத் தெரியும், அதனால்தான் கிணற்றில் போடுகிறது. இவருக்குப் பொம்மை ஒரே ஒரு ஆள்தான், பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். அம்மா குழந்தையாகிவிடவில்லை, குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிற பெரிய மனுஷியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறுமதியம் (செவ்வாய், மதியம் 2.15)

பம்பரம், கிணறு பிரமாதம். பொம்மை விளையாட்டுப் பற்றி ஓர் ஆய்வு படித்தேன். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2020இல் நாலு முதல் எட்டு வயது வரை 33 பிள்ளைகளைப் பொம்மையோடும் டேப்லெட் விளையாட்டோடும் உட்கார வைத்து மூளையைக் கவனித்தார்கள். மற்றவர் மனசை யோசிக்கும்போது வேலை செய்கிற பகுதி, பிள்ளை தனியாகப் பொம்மையோடு இருக்கும்போதும் விழித்திருந்ததாம். தனியாக டேப்லெட்டில் இருக்கும்போது அவ்வளவு இல்லை.

சைக்கிள்காரன் (செவ்வாய், மதியம் 2.31)

அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பார்பி கம்பெனி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஞாயிறுமதியம் (செவ்வாய், மதியம் 2.50)

சரி, கொடுத்ததுதான். அவர்களே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை.

தெற்குவாசல் (செவ்வாய், இரவு 8.20)

எல்லோரும் நல்லதாகவே சொல்லுகிறீர்கள், நான் கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியாருக்கு நாங்களாகப் போய்ப் பொம்மை வாங்கிக் கொடுத்தோம், யூடியூபில் பார்த்துவிட்டு. முதல் நாள் முகம் மலர்ந்தது, ரெண்டாம் நாள் ராத்திரி மாரில் அடித்துக்கொண்டு அழுகை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மதுரையிலிருந்து சின்ன மாமியார் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, என் வீட்டுக்காரருக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோராம் நாள் ஜன்னி கண்டு போயிருக்கிறது. அறுபது வருடமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறக்காத விஷயம். அத்தைக்கு என் பெயர் மறந்தது, பேரன் பெயர் மறந்தது, அது மறக்கவில்லை.

பொம்மையை ஒளித்தால் தேடுகிறார், கொடுத்தால் அழுகிறார். கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தலையணைக்கு மாற்றினோம். மடித்த துண்டு, தலையணை, இப்படி முகம் இல்லாத ஏதாவது. மூன்று வாரம் ஆனது. அதனால் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் கேளுங்கள், பிள்ளை ஏதாவது தவறியதா என்று.

வன்னிமழை (புதன், அதிகாலை 2.40)

தெற்குவாசல் அக்கா சொன்னதுதான் முதல் கேட்க வேண்டிய கேள்வி, நான் அதை விட்டுப்போட்டேன். எங்கட ஆக்களில் போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு இப்ப வயது போகுது. அவர்களுக்கு ஒரு நாளும் நான் பொம்மையைக் கிட்டக் கொண்டுபோக மாட்டேன்.

அரைடிக்கெட் (புதன், காலை 7.15)

ஆம்பளைகளுக்கு இது ஒத்துவருமா என்று யாரும் கேட்கவில்லை. என் அப்பா கண்டக்டர், திருநெல்வேலி தூத்துக்குடி ரூட்டில் இருபத்தாறு வருஷம். தங்கச்சி மகளின் பொம்மையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். தூக்கிப் பார்த்துவிட்டு "கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது, இறங்கும்போது எடுத்துட்டுப் போங்க" என்று எங்களிடமே கொடுத்துவிட்டார். அப்புறம் பழைய தோல் பையும் விசிலும், வெற்று டிக்கெட் கட்டு மாதிரி நாங்களே வெட்டித் தைத்த காகிதமும் கொடுத்தோம். சாயங்காலம் ஆனால் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், சில்லறை கேட்பார். மறக்காமல் சில்லறை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டு விழும், வண்டியை ஓரங்கட்டச் சொல்லுவார். விசிலை மட்டும் ஒரு வாரத்தில் ஒளித்துவிட்டோம், பக்கத்து வீட்டில் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

ஆண்களிலும் பொம்மை கேட்பவர்கள் இருக்கலாம், எங்கள் அப்பா கேட்கவில்லை. அவரவர் கைக்குப் பழகினது எதுவோ அது.

சைக்கிள்காரன் (புதன், காலை 7.40)

யோவ் அரைடிக்கெட், காலங்காத்தாலே சிரித்துவிட்டேன். பெரியப்பாவுக்கு ஃபைல் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பழைய பட்டா நகல், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது.

நூலகத்தூசி (புதன், காலை 10.05)

இழைக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவு, மட்டுறுத்துநர் மன்னிக்கவும். பாவை என்றால் நமக்குப் பொம்மையும்தான், கண்ணுக்கு நடுவில் இருக்கிற கருமணியும்தான். லத்தீனிலும் கருமணியின் பெயர் சின்னப் பெண், பொம்மை என்ற சொல்லிலிருந்தே வந்தது. எதிரே நிற்பவரின் கண்ணை உற்றுப் பார்த்தால் நம் உருவம் குட்டியாகத் தெரியுமே, அதைப் பார்த்துத்தான் இரண்டு ஊர்க்காரர்களும் பெயர் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சங்கப் பாடல்களில் பெண் பிள்ளைகள் கடற்கரை மணலில் செய்யும் வண்டற்பாவையும், கோரையில் செய்யும் பாவையும் வரும்.

பம்பரம் (புதன், காலை 10.30)

தூசி, அதைத் தனி இழையாகப் போடுங்கள், ஆசையாக வருகிறேன். அக்கா, பொம்மை வாங்கப் போனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். கடையில் இருப்பதெல்லாம் ரோஸ் நிறம், நீலக் கண். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி, நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் பொம்மைகளைக் கறுப்பினப் பிள்ளைகளிடம் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பலர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்று 1954இல் வந்த தீர்ப்பில்கூட இந்தச் சோதனைக்கு இடம் கிடைத்தது. பிள்ளைகளுக்கே பொம்மையின் நிறம் அவ்வளவு பேசுகிறது என்றால், தன் வீட்டுக் குழந்தை என்று நினைத்துத் தூக்கப்போகிற உங்கள் அம்மாவுக்கு?

காவேரிப்பாலம் (ஞாயிறு, இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

தெற்குவாசல் எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாகத் திருச்சியில் இருக்கும் சித்திக்குப் போன் போட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். நிம்மதி.

பம்பரம், உங்கள் பதிலைப் பார்ப்பதற்கு முன்னாலேயே செவ்வாய்க்கிழமை ஒன்று வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்ன அதே ரோஸ் நிறம், அதே நீலக் கண், 850 ரூபாய். வன்னிமழை சொன்னபடி நாற்காலியில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டாள், அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "யாரோ வெள்ளைக்காரா கொழந்தைய விட்டுட்டுப் போயிட்டா, பாவம், அம்மாக்காரி தேடுவா, கொண்டு போய்க் குடுத்துட்டு வா." நான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு உண்மையிலேயே தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இப்போது அது பீரோவுக்கு மேலே இருக்கிறது.

மடியில் மரப்பாச்சிதான், கண்ணு மூக்கு தேய்ந்த கட்டை. அவளுடைய பழைய சின்னாளப்பட்டிப் புடவையைக் கிழித்துப் பஞ்சு வைத்து அதற்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி ஓர் உறை தைத்துவிட்டேன், தலை மட்டும் வெளியே தெரியும். கன்னத்தில் இடித்துக்கொள்வது நின்றிருக்கிறது. வியாழக்கிழமை இன்னொன்று நடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை "பாட்டி, இது பாப்பாவா?" என்று கேட்டான். "மரப்பாச்சிடா, தெரியலையா?" என்றாள் அம்மா, அடுத்த நிமிஷமே "கத்தாதே, இப்பத்தான் தூங்கறது" என்றாள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே இருக்கிறது போல. பொய்யா உண்மையா என்று நான்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நேற்று வந்தான். அவன் மாறிவிட்டான் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பம்பரம் எழுதியதைப் படித்துக் காட்டினேன், "இதெல்லாம் பேச நல்லா இருக்கும்" என்றான். சாப்பிடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அம்மா அவனிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டாள். பதினேழு ஆறில் திணறினான், பொம்மையைத் தட்டிக்கொண்டே "நூத்திரண்டு" என்றாள்.

ஒரு சந்தேகம், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். காலையில் அவள் குளிக்கும்போது உறையைக் கழற்றி அதையும் குளிப்பாட்டுகிறாள், தினமும் தண்ணீர் பட்டால் மரம் வெடித்துவிடுமா?

தெற்குவாசல் (ஞாயிறு, இரவு 10.05)

பழைய செம்மரம் என்றால் ஒரு சொம்புத் தண்ணிக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது, ஊறப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்லாத் துடைத்து நிழலில் காயவிட்டு, வாரம் ஒரு தடவை ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள்.

காவேரிப்பாலம் (ஞாயிறு, இரவு 10.12)

எண்ணெய் தேய்ப்பதை அவளிடமே கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை தோறும்.